தேங்காய்பட்டணம் ஆற்றுமுகத்தில் கடவுத் தூண்களைத் துளைக்கும் சிறு உயிரி எது? தடுக்க வழி உண்டா?

கேள்வி: ஆற்றங்கரைவாசி

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்பட்டணம் பொழிமுகத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் மேலே, குழித்துறையாற்றின் கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தேங்காயையும் கதம்பையையும் (தேங்காய் மட்டை) வள்ளத்தில் ஏற்றுவதற்காக அப்பா காலத்தில் கட்டிய கடவு (படகுத்துறை) இடிந்துபோனதால், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எட்டுத் தூண்கள் நட்டு, மேலே பலகை அடித்து, புதிதாக ஒன்று அமைத்தேன். ஆறு தூண்கள் தோப்பிலேயே வெட்டிய முதிர்ந்த தென்னை. இரண்டு மட்டும் அயனி மரம்.

சென்ற மாதம் ஆற்றின் பக்கம் கடைசியாக நின்ற தென்னந்தூண் திடீரென்று ஒடிந்து விழுந்தது. கரையில் இழுத்துப் போட்டுப் பார்த்தபோது, சேற்றுக்குள் இருந்த அடிப்பகுதியும் நீருக்கு மேலே இருந்த தலைப்பகுதியும் நட்ட அன்று இருந்த பருமனிலேயே இருந்தன. ஓதம் ஏறி இறங்கும் இடைப்பகுதி மட்டும் உடுக்கையின் இடைபோல் தேய்ந்திருந்தது. அந்தப் பகுதி முழுவதும் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமான துளைகள், தேன்கூட்டைப் போல் ஒன்றையொன்று தொட்டபடி. ஈர்க்கால் நெருடியபோது துளைக்குள்ளிருந்து சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் உயிரி வெளியே வந்தது. உள்ளங்கையில் வைத்ததும் மரவட்டையைப் போலச் சுருண்டு, ஒரு பெரிய மிளகு மணியாகிவிட்டது. சிறிது நேரம் கழித்து விரிந்தபோது அடியில் வரிசையாகக் கால்கள் தெரிந்தன.

ஊரில் கேட்டால் எல்லாரும் "உளு" என்கிறார்கள். வீட்டு உத்தரத்தை அரிப்பதும் உளு, கட்டிலை அரிப்பதும் உளு, இதுவும் உளு என்றால் எனக்கு எதுவும் விளங்கவில்லை. இது உண்மையில் என்ன உயிரி? மரத்தைத் தின்கிறதா? ஒடிந்த தூணை விறகுப் புரையில் அடுக்கினால் வீட்டு மரங்களுக்குப் பரவுமா? மீதி ஏழு தூண்களையும் காப்பாற்ற வழி இருக்கிறதா? எங்கள் கரையில் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: மாசி, பங்குனியில் ஓதம் ஏறும்போது வாயில் வைக்க முடியாத உப்பு, மழை பிடித்துவிட்டால் பாத்திரம் கழுவலாம்.

மறுமொழி: பழைய விலங்கியல் ஆசிரியர்

நீங்கள் தந்திருக்கும் விவரங்கள் தெளிவாக இருப்பதால், படம் இல்லாமலேயே பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிட முடிகிறது. துளை பென்சில் பருமன், தேய்மானம் ஓதம் ஏறி இறங்கும் பட்டையில் மட்டும், உயிரி தொட்டதும் உருண்டையாகச் சுருள்கிறது, நீர் பாதி ஆண்டு உப்பு, பாதி ஆண்டு நன்னீர். இவை நான்கும் சேர்ந்தால் அது ஸ்பீரோமா என்ற பேரினம். அதிலும் ஸ்பீரோமா டெரிப்ரன்ஸ் என்ற இனமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஸ்பீரோமா என்பது கிரேக்கத்தில் உருண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. டெரிப்ரன்ஸ் என்பதற்கு இலத்தீனில் துளைப்பது என்று பொருள். நீங்கள் உள்ளங்கையில் பார்த்தது ஒரு பெயர், தூணில் பார்த்தது இன்னொரு பெயர்.

இது பூச்சியும் அன்று, புழுவும் அன்று. இறாலும் நண்டும் எந்த வகுப்பைச் சேர்ந்தவையோ அந்த ஓட்டுடலி வகுப்பைச் சேர்ந்தது. அதற்குள் ஐசோப்பொடா என்ற வரிசையில் வருகிறது. ஒன்றுபோலவே அமைந்த ஏழு இணைக் கால்கள் இருப்பதால் அந்தப் பெயர். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் ஓடும் சாம்பல் நிற உயிரியைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதற்கு இது நீரில் வாழும் உறவு. முழு வளர்ச்சியில் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர், சில வேளை சற்றுக் கூடுதல். இந்த இனத்தைப் பேட் என்ற ஆங்கிலேயர் 1866இல் முதன்முதலாக விவரித்தார். மாதிரி கிடைத்தது பிரேசிலில். ஆனால் இது இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் பகுதிகளுக்கு உரியது என்றும், மரக்கப்பல்களின் அடிப்பலகைக்குள் இருந்தபடி அட்லாண்டிக்குக்குப் போய்ச் சேர்ந்தது என்றும்தான் அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆகவே நம் ஆற்றில் இது வந்தேறி அன்று. நம் கரையோரத்து மரந்துளைக்கும் ஓட்டுடலிகளை முறையாக ஆராய்ந்தவர் திருவனந்தபுரத்து விலங்கியல் அறிஞர் என். கிருஷ்ண பிள்ளை. திருவிதாங்கூரின் ஸ்பீரோமாக்களைப் பற்றி அவர் எழுதியது 1950களின் நடுவில். 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை உங்கள் கடவு இருக்கும் கரையும் திருவிதாங்கூர்–கொச்சியின் கரைதானே.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். மரத்தைத் தின்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தின்பதற்காக அது துளைப்பதில்லை. தாடையால் மரத்தைச் சுரண்டி எடுத்து வெளியே தள்ளிவிட்டு, தன் உடல் நுழைந்து திரும்பும் அளவுக்கு ஓர் அறை குடைகிறது. மேற்பரப்புக்குச் செங்குத்தாக உள்ளே போகும் அந்த அறை இரண்டு, மூன்று சென்டிமீட்டரில் முடிந்துவிடும். அறைக்குள் அமர்ந்துகொண்டு, வயிற்றுப் பகுதியில் உள்ள தட்டையான நீச்சல் கால்களை அடித்து நீரோட்டம் உண்டாக்கி, அந்த நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களையும் மட்கிய துகள்களையும் முன்கால்களில் உள்ள மயிர்களால் வடிகட்டிச் சாப்பிடுகிறது. அதாவது உங்கள் தூண் அதற்கு உணவு அன்று, வீடு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஓதப் பட்டையில் மட்டும் ஏன் தேய்கிறது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. சேற்றுக்குள் நீரோட்டம் இல்லை, காற்றும் இல்லை. ஓதம் எட்டாத உயரத்தில் நீரே இல்லை. நம் கடற்கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவாக இருப்பதால், எல்லா உயிரியும் அந்தக் குறுகிய பட்டைக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு குடியேறுகின்றன. அறைச் சுவர்கள் காகிதம்போல் மெலிந்தபின் அலை அவற்றை உடைத்துக்கொண்டு போகும். அடுத்த தலைமுறை அதற்கும் உள்ளே குடையும். இப்படித்தான் உடுக்கை வடிவம் வருகிறது.

நெருக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இறாலுக்கும் நண்டுக்கும் இருப்பதுபோல் நீரில் மிதந்து திரியும் இளம்புழுப் பருவம் இதற்கு இல்லை. தாய் தன் வயிற்றடியில் உள்ள பையில் முட்டைகளைச் சுமந்து, தாயின் சாயலிலேயே இருக்கும் குட்டிக் குஞ்சுகளாக வெளியே விடுகிறது. ஏழாம் இணைக் கால் மட்டும் அப்போது முளைத்திராது. குஞ்சுகள் சில காலம் தாயின் அறையிலேயே தங்கியிருந்துவிட்டு, பிறகு பெரும்பாலும் பக்கத்திலேயே தனி அறை குடைகின்றன. கூட்டுக் குடும்பம் பிரிந்து அடுத்த மனையில் வீடு கட்டுவதைப் போன்றது.

வீட்டு மரத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். நீர் இல்லாமல் இது உயிர் வாழாது. புரையில் அடுக்கிய விறகிலிருந்து ஒன்றுகூட உங்கள் உத்தரத்துக்கு ஏறாது. உத்தரத்தை அரிப்பது வண்டினத்தின் வேலை.

மறுமொழி: மணக்குடித் தச்சன்

ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு தூணைப் பார்த்து எட்டுத் தூணுக்கும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வள்ளம் செய்தும் பழுது பார்த்தும் வருகிறது. எங்களிடம் வரும் மரத்தில் இருவகைச் சேதத்தைப் பார்க்கிறோம். ஒன்று, வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் இந்தப் பென்சில் துளை. மற்றொன்று, வெளியே குண்டூசி நுழையும் புள்ளி மட்டும் இருக்கும். மரத்தைப் பிளந்தால் உள்ளே விரல் பருமனில், வைரத்தின் ஓட்டத்தோடு நீளமாக ஓடும் குழாய்கள், குழாயின் சுவரில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் பூச்சு. இரண்டாவது கப்பல் புழு என்று படித்தவர்கள் சொல்வது. முதலாவது மெதுவாகக் கொல்லும், கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது கொல்லும்வரை தெரியவே தெரியாது. ஆகவே ஒடிந்த தூணை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நிற்கும் தூண்களைச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளல் விழுந்திருந்தால் ஓசை சொல்லிவிடும்.

தென்னையைத் தண்ணீருக்குள் நட்டதே பிழை என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்பட வேண்டாம். உள்ளே சோறு, வெளியே மட்டும் வைரம். அந்த வைரத்தைத் துளைத்துவிட்டால் பின்னர் எதிர்ப்பே கிடையாது. அயனி நல்ல மரம், வள்ளத்துக்கு எங்கள் பாட்டனார் முதலில் தேடியது அதைத்தான். ஆனாலும் உளு விழாத மரம் என்று ஒன்று இல்லை, பிந்தி விழும் மரம்தான் உண்டு.

பழைய வழிகள் மூன்று. வள்ளத்தை மாதத்துக்கு ஒருமுறை கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு வெயிலில் காயவிடுவது ஒன்று. கட்டுமரக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்குக் காரணமே, அவர்கள் அன்றாடம் மரத்தைக் கரையேற்றிப் பிரித்துக் காயப்போட்டதுதான். காய்ந்த மரத்தில் அண்டி எண்ணெய் பூசுவது இரண்டாவது. நம் மாவட்டத்தில் அண்டி ஆபீஸ்களுக்குப் பஞ்சமில்லாததால், கொல்லாங்கொட்டைத் தோட்டிலிருந்து எடுத்த அந்தக் கறுத்த எண்ணெய் ஒரு காலத்தில் எளிதாகக் கிடைத்தது. கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். எங்கள் பட்டறையில் யாருடைய முழங்கையில் தழும்பு இருக்கிறது என்று பார்த்தே பழைய ஆள், புது ஆள் பிரிக்கலாம். மூன்றாவது, வள்ளத்தை ஆற்றின் மேல் பகுதிக்குக் கொண்டுபோய்ப் பதினைந்து நாள் நல்ல தண்ணீரில் போட்டு வைப்பது. உப்பு இல்லாமல் உளு செத்துவிடும்.

உங்கள் தூணைப் பிடுங்கி வெயிலில் போட முடியாது என்பதுதான் சிக்கல்.

மறுமொழி: பழைய விலங்கியல் ஆசிரியர்

தச்சர் அவர்களின் மூன்றாவது வழியைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். நன்னீரில் போட்டால் சாவது கப்பல் புழு. அது பெயரளவில்தான் புழு. உண்மையில் சிப்பி, மட்டியின் இனம், உப்பு குறைந்தால் தாங்காது. ஸ்பீரோமா டெரிப்ரன்ஸ் அப்படி அன்று. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள முழுக் கடல்நீரிலும் அது வாழும். உப்பு ஏறக்குறைய இல்லை என்று சொல்லத்தக்க ஆற்று நீரிலும் வாழும். ஆகவே பதினைந்து நாள் நன்னீர் வாசம் அதற்கு ஒரு விருந்தோம்பலாகத்தான் முடியும்.

தேங்காய்பட்டணத்தில் இது தழைப்பதற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நன்றாகக் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி வருவதால், ஆனி, ஆடியில் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறையும் ஆற்றுமுகத்து உப்பு அடியோடு கழுவப்படுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை இப்படி நடந்தால் கப்பல் புழு மேலே ஏறி நிலைப்பது கடினம். போட்டியாளர் இல்லாத வீட்டில் ஸ்பீரோமா குடியேறிவிடுகிறது. பொழிமுகத்துக்கு அருகே போகப் போகக் கப்பல் புழு கூடும், மேலே வர வர ஸ்பீரோமா கூடும் என்பது பொதுவாக எதிர்பார்க்கத்தக்க ஒழுங்கு. கதம்பை அழுகப் போட்டிருக்கும் மூலைகளில் மட்டும் எதுவுமே இராது. அங்கே நீரில் உயிர்க்காற்று தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு கலந்திருக்கும்.

மற்றபடி காயவிடுவது இரண்டுக்கும் எமன் என்பதில் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஆற்றங்கரைவாசி:

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒடிந்த தூணை ஓர் ஆளை வைத்துப் பிளந்து பார்த்தேன். சுண்ணாம்புக் குழாய் ஒன்றுகூட இல்லை. துளைகள் எல்லாம் குருடாக, வழவழப்பாக முடிகின்றன. மிக ஆழமானதே என் சுட்டுவிரலின் இரண்டு கணுவைத் தாண்டவில்லை. கை அகலம், கை நீளம் உள்ள ஒரு சதுரத்தில் எண்ணியபோது அறுபத்தொரு துளைகள் இருந்தன. பாதிக்கு மேல் வெறுமை. ஒரு துளையில் பெரியது ஒன்றும் அதன் அருகில் எள்ளளவில் பதினொன்றும் இருந்ததைக் கண்டபோது, ஆசிரியர் ஐயா சொன்ன கூட்டுக் குடும்பம் நினைவுக்கு வந்து, தூணை விழுங்கியவர்கள் என்ற கோபம் சற்றுக் குறைந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

தட்டிப் பார்த்ததில் அயனித் தூண்கள் இரண்டும் கெட்டியாக ஒலிக்கின்றன. மேலே துளைகள் இருந்தாலும் ஆழம் குறைவு. தென்னையில் மூன்று இன்னும் ஓராண்டு தாங்கும்போல் இருக்கிறது, இரண்டு தாங்காது. இப்போது என் முன்னே இரண்டு யோசனைகள் உள்ளன. வண்டிப் பட்டறையிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கித் தூண்களைச் சுற்றி ஊற்றச் சொல்கிறார் ஒருவர். தூணே வேண்டாம், தெர்மாகோல் கட்டிகளை வலைக்குள் கட்டி அதன்மேல் பலகை அடித்து மிதக்கும் கடவாக்கிவிடு என்கிறார் என் மைத்துனர். எது நல்லது?

மறுமொழி: கட்டுமானக்காரன்

இரண்டும் வேண்டாம். மிதவைக் கடவைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நல்ல யோசனைபோல் தோற்றம் தரும். ஆசிரியர் சொன்னபடி இந்த உயிரிக்குத் தேவை உணவு அன்று, குடையத்தக்க ஒரு பொருள். தெர்மாகோலைவிட எளிதாகக் குடையத்தக்க பொருள் ஏது? டெரிப்ரன்ஸின் நெருங்கிய உறவான ஸ்பீரோமா குவோயானம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதியிலிருந்து அமெரிக்காவின் பசிபிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அது படகுத்துறைகளின் தெர்மாகோல் மிதவைகளைச் சல்லடையாக்குவதையும், ஒவ்வோர் அறை குடையும்போதும் ஆயிரக்கணக்கான நெகிழித் துகள்கள் நீரில் கலப்பதையும் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. டெரிப்ரன்ஸும் மிதவைகளைத் துளைப்பது பதிவாகியிருக்கிறது. மிதவைதான் வேண்டுமென்றால் மூடிய நெகிழிப் பீப்பாய் பயன்படுத்துங்கள்.

கழிவு எண்ணெய் ஊற்றினால் ஓதம் அதை அரைமணியில் அடித்துக்கொண்டு போய்விடும். துளைக்குள் இருப்பது பிழைக்கும். கரையோரத்து மீன்குஞ்சும் இறால்குஞ்சும் சாகும். சட்டப்படியும் குற்றம்.

மருந்தேற்றிய மரத்தைப் பற்றி யாராவது சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த உப்புக் கரைசலை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றும் முறையை 1930களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசம் என்ற நம் நாட்டவர். உலகம் முழுவதும் பரவிய முறை அது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், விலை மலிந்த ரப்பர் மரத்தில் இந்த மருந்தையும் கிரியோசோட் தாரெண்ணெயையும் அடுத்தடுத்து ஏற்றி வள்ளம் செய்து காட்டியிருக்கிறது. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஓர் ஆறுதலான செய்தி. ஆனாலும் மரத்தைச் செரிக்கும் கப்பல் புழுவைக் கொல்லும் நஞ்சு, மரத்தைச் சுரண்டித் துப்பிவிட்டு நீரை வடிகட்டித் தின்னும் உயிரியை அந்த அளவுக்குக் கொல்வதில்லை. மருந்தேற்றிய தூண்களையும் ஸ்பீரோமா துளைத்திருக்கிறது. ஆர்சனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டுப் பயன்பாட்டுக்கு இந்த மருந்தை விலக்கிக்கொண்டார்கள். குளிக்கும் கடவில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நஞ்சு வேண்டாம், சுவர் போதும் என்பதுதான் என் கருத்து. நிற்கும் தூண்களுக்கு, சேற்றுக்கு ஒரு முழம் கீழிருந்து மிக உயர்ந்த ஓதக்கோட்டுக்கு ஒரு முழம் மேல்வரை கனமான பாலித்தீன் தாளை இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றி, ஓரத்தை மடித்து, துருப்பிடிக்காத ஆணியால் அறையுங்கள். உள்ளே தேங்கும் சிறிதளவு நீரில் உயிர்க்காற்று விரைவில் தீர்ந்துபோகும். நீரோட்டம் இல்லாததால் உணவும் இல்லை. உள்ளே இருப்பவை செத்துவிடும், புதியவை நுழைய முடியாது. துறைமுகங்களில் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை இது. புதிதாக நடும் தூண்களுக்கு, பெரிய பிவிசி குழாயை உறையாக இறக்கி, இடைவெளியில் சிமென்ட் கலவை நிரப்பிவிடுங்கள். அல்லது மரமே இல்லாமல் வார்ப்புத் தூண் போடுங்கள். செலவு முதலில் கூடும், மூன்றாம் ஆண்டில் கழிந்துவிடும். பாலித்தீன் கிழிந்தால் ஆற்றோடு போகும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒருமுறை கையால் தடவிப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

மறுமொழி: கண்டல்நிழல்

தூண் பேச்சுக்கு நடுவே ஒரு சொல். எங்கள் குழுவினர் ஆற்றோரத்தில் கண்டல் (அலையாத்தி) கன்று நடும் வேலையில் இருப்பவர்கள். மனிதர் தூண் நடத் தொடங்குவதற்கு முன்பு இந்த உயிரிக்கு வீடு எது என்று யாரும் கேட்கவில்லை. ரைசோபோரா இனக் கண்டலின் தாங்கு வேர்கள்தாம் அதன் பழைய வீடு. கிளையிலிருந்து இறங்கி இன்னும் சேற்றைத் தொடாமல் நீரில் ஊசலாடும் வேரின் நுனியை அது துளைக்கும், நுனி செத்துவிடும்.

இதைப் பற்றி ஒரு நல்ல சண்டை நடந்திருக்கிறது. 1973இல் ரேம், ஹம் என்ற இருவர், தென்மேற்கு ஃபுளோரிடாவின் கண்டல் காடுகளின் விளிம்பையே இந்த உயிரி அழித்துக்கொண்டிருக்கிறது என்று எச்சரித்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1978இல், சிம்பர்லோஃப் என்பவரும் அவருடைய தோழர்களும் அதே ஃபுளோரிடாவில் பார்த்துவிட்டு நேர்மாறாக எழுதினார்கள்: நுனி செத்த வேர், வெட்டிய முருங்கை துளிர்ப்பதுபோல் பக்கவாட்டில் கிளைத்து, ஒன்றுக்கு இரண்டாகச் சேற்றில் ஊன்றுகிறது, ஆகவே மரத்துக்கு இது நன்மையாகவும் இருக்கலாம் என்றார்கள். பிற்கால ஆய்வுகளைப் படித்தால், எந்த இடத்து வேர் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது என்று எனக்குப் படுகிறது. ஊன்றிய வேர்களும் காட்டின் உள்பக்கத்து வேர்களும் பெரும்பாலும் தப்பிக்கின்றன. ஓதத்துக்கு நேராக முன்னே நிற்பவை அடி வாங்குகின்றன.

கேள்வி கேட்டவரிடம் ஒரு வேண்டுகோள். ஒடிந்த தூண் துண்டுகளை வேலிக்குச்சியாகவோ, கன்றுக்கு முட்டாகவோ ஆற்றோரத்தில் திரும்ப நட்டுவிடாதீர்கள். மிதக்கும் துளை விழுந்த மரத்துண்டுதான் நீந்தத் தெரியாத குஞ்சுகளுக்கு வள்ளம்.

மறுமொழி: மணக்குடித் தச்சன்

நன்னீர் வழியைப் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். என் தந்தை மேல் ஆற்றில் போட்டுவைத்த வள்ளங்களில் சில தேறின, சில தேறவில்லை. காரணம் தெரியாமல் மரத்தின் மேல் பழி போட்டோம். எந்த உளு என்று பார்க்காததுதான் பிழை போலும்.

பாலித்தீன் சுற்றுவதற்கு முன்பு தூணில் ஒட்டியிருக்கும் மட்டியையும் சிப்பியையும் அரிவாளின் முதுகால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் வாரத்திலேயே தாள் கிழியும். அயனித் தூண்களுக்கு இதை உடனே செய்யலாம். தாங்காது என்று நீங்கள் சொன்ன இரண்டு தென்னந்தூண்களைச் சுற்றிச் செலவழிக்க வேண்டாம், பிடுங்கிவிடுங்கள்.

ஆற்றங்கரைவாசி:

இரண்டையும் பிடுங்கிக் கரையில் வெயிலில் போட்டாகிவிட்டது. எத்தனை நாள் காய வேண்டும் என்று மட்டும் சொன்னால், அதன்பிறகு அடுப்புக்கு எடுத்துக்கொள்வேன். அயனிக்குத் தாள் சுற்றும் வேலையை ஓதம் நன்றாக இறங்கும் அடுத்த அமாவாசையை ஒட்டி வைத்திருக்கிறேன். மீதி மூன்று தென்னையில் இரண்டுக்கு உறை போடுகிறேன். ஒன்றை மட்டும், எவ்வளவு விரைவில் உடுக்கையாகிறது என்று பார்ப்பதற்காக, அப்படியே விட்டு வைக்கப்போகிறேன். மாதம் ஒருமுறை அதன் இடுப்பைச் சணல் கயிற்றால் அளந்து இங்கே எழுதுகிறேன்.

மறுமொழி: மணக்குடித் தச்சன்

முழுத் தூணாகப் போட்டால் நடுவில் ஈரம் நிற்கும், அதற்குள் அவை பல நாள் உயிரோடு இருக்கும். முழ நீளத்துக்கு வெட்டி நான்காகப் பிளந்து போடுங்கள்; நல்ல வெயிலில் ஒரு வாரம் போதும். அளக்கும் தூணில் பலகையின் பாரத்தை ஏற்றாதீர்கள்.